வீட்டுப் பட்டறைக்கு பேண்ட் சா: எதை வாங்குவது, எப்படிச் செட் செய்வது

கேள்வி இது: பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, சிங்கிள் ஃபேஸ் மின்சாரம். பழைய தேக்குக் கதவு, நிலைச் சட்டங்களை வாங்கிப் பலகையாகப் பிளந்து சிறு மேசை, பெட்டி, நாற்காலி செய்ய ஆசை. 10 அங்குல பேண்ட் சா போதுமா, 14 அங்குலம் வேண்டுமா? வாங்கிய பிறகு நேராக அறுக்க வைப்பது எப்படி?

உங்கள் வேலைக்கு 14 அங்குலம்தான். 10 அங்குல மெஷினில் வளைவு அறுக்கலாம், சன்னமான கட்டைகளைத் துண்டு போடலாம். ஆறேழு அங்குல அகலத் தேக்குப் பலகையைச் செங்குத்தாக நிறுத்தி இரண்டாகப் பிளக்க அது தாங்காது. மோட்டார் சிறியது என்பதால்தான் தாங்காது என்று பலரும் நினைக்கிறார்கள். மோட்டாரும் ஒரு காரணம்தான், ஆனால் அதற்கு முன்னால் நிற்பது சட்டகத்தின் விறைப்பு. பேண்ட் சா என்பது மேலும் கீழுமாக இரண்டு வீல்கள் மேல் வளையமாக ஓடும், பல் வைத்த ஒரு மெல்லிய எஃகு நாடாவை இறுக்கி நேராகப் பிடித்துக்கொள்ளும் கருவி, அவ்வளவுதான்; 10, 14 என்பது அந்த வீலின் அளவு. அதனால் மெஷினிலிருந்து யோசிக்காமல் பிளேடிலிருந்து யோசியுங்கள்.

தேக்கு பிளக்க அரை அங்குல பிளேடு வேண்டும், கடையில் 13 மி.மீ. அகலம், 0.65 மி.மீ. கனம் என்று கேட்டால் தருவார்கள். சாதாரண கார்பன் ஸ்டீல் பிளேடு ஒழுங்காக நிற்க ஒரு சதுர மி.மீ.க்குச் சுமார் 10 கிலோ இழுவை தேவை. பிளேடின் குறுக்குப் பரப்பு 8.45 சதுர மி.மீ. என்றால் ஒரு பக்கத்துக்கு 85 கிலோ. மேலே போவதும் கீழே வருவதுமாக இரண்டு பக்கமும் சேர்த்து 170 கிலோ. பைமெட்டல் பிளேடுக்கு (முதுகு ஒரு எஃகு, பல் முனை அதைவிடக் கடினமான எஃகு) இன்னும் அதிகம், கிட்டத்தட்ட 290 கிலோ கொடுத்தால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். இவ்வளவு பாரத்தையும் மேல் வீலைத் தாங்கும் கை வளையாமல் சுமக்க வேண்டும். 10 அங்குல மெஷின் பெட்டியில் ‘அரை அங்குல பிளேடு வரை’ என்று அச்சடித்திருப்பார்கள். மாட்டலாம் என்பது உண்மை. தேவையான அளவு இறுக்க முடியாது என்பதும் உண்மை.

வீல் சிறிதானால் இன்னொரு சிக்கலும் உண்டு. பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் வீல் மேல் வளைந்து நிமிர்கிறது. 0.65 மி.மீ. பிளேடு 14 அங்குல வீலில் வளையும்போது அதற்குள் உண்டாகும் அழுத்தம் சுமார் 375 மெகாபாஸ்கல். அதே பிளேடு 10 அங்குல வீலில் 530-ஐத் தொடும். கம்பியைத் திரும்பத் திரும்ப மடித்தால் ஒடிவது போல, பிளேடும் பல்குழியில், அதாவது இரு பற்களுக்கு இடையிலான பள்ளத்தில், வெடித்து ஒடியும். 10 அங்குல மெஷினுக்கு 0.35 முதல் 0.45 மி.மீ. கனத்துக்குள் இருக்கும் பிளேடே பொருத்தம். மூன்று சிறு வீல் வைத்த பழைய மாடல்கள் எங்காவது மலிவாகக் கண்ணில் பட்டால் இதே காரணத்துக்காக ஒதுக்கிவிடுங்கள்.

14 அங்குலம் என்பது வீலின் விட்டம். பிளேடுக்கும் சட்டகத் தூணுக்கும் இடையே கிடைப்பது அதைவிடச் சற்றுக் குறைவு, 340 மி.மீ. போல இருக்கும். உங்களுக்கு அதைவிட முக்கியம் அறுக்கும் உயரம். 14 அங்குலத்தில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, வார்ப்பிரும்புச் சட்டகம், இரண்டு துண்டாகப் போல்ட் போட்டது. உயரம் 6 அங்குலம், பிளேடு நீளம் 93½ அங்குலம். இடையில் 6 அங்குல ரைசர் பிளாக் வைத்தால் உயரம் 12 ஆகும், பிளேடு 105 அங்குலம் வேண்டும். இன்னொன்று, எஃகுத் தகட்டை மடித்து வெல்டு செய்த ஒரே சட்டகம். 10 அங்குலத்துக்கு மேல் உயரம் கூடவே வரும், விறைப்பும் நன்றாக இருக்கும். இரண்டும் ஒரே நிலையில் கிடைத்தால் எஃகுச் சட்டகத்தை எடுங்கள். வார்ப்பிரும்பில் ரைசர் போட்டு 12 அங்குலமாக உயர்த்தினால், விறைப்பு குறைந்த சட்டகத்தில் நீளமான பிளேடு; பிளக்கும் வேலைக்கு அது நல்ல சேர்க்கை இல்லை. கதவுப் பலகைகளுக்கு 8 அங்குல உயரம் தாராளம்.

மோட்டார் ஒன்றரை எச்.பி. அதற்குக் கீழே போனால் 150 மி.மீ. தேக்கில் திணறும். ஒரு எச்.பி.யும் ஓடும், நீங்கள்தான் பொறுமையாகத் தள்ள வேண்டும்.

இனி வேகம். மரத்துக்கு பிளேடு நிமிடத்துக்கு 900 மீட்டர் ஓட வேண்டும். 14 அங்குல வீலின் சுற்றளவு 1.115 மீட்டர், ஆக வீல் சுமார் 800 சுற்று. நம் ஊர் மோட்டார் 1440 சுற்று. மோட்டாரில் 3 அங்குலப் புல்லி என்றால் வீல் தண்டில் 5¼ முதல் 5½ அங்குலப் புல்லி வர வேண்டும். உள்ளூர் மெஷின்கள் பல மோட்டார் இல்லாமலே விற்கப்படுகின்றன. புல்லியைக் கடைக்காரர் கைக்கு வந்ததைப் போட்டுத் தருவார், அதனால் இந்தக் கணக்கை வாங்கும்போதே போட்டுப் பாருங்கள். 1,200 மீட்டருக்கு மேல் ஓடினால் சமநிலை சரியில்லாத வீல்கள் மெஷினையே ஆட்டும். அமெரிக்காவுக்காகச் செய்த 60 ஹெர்ட்ஸ் மெஷின் கைக்கு வந்தால் மோட்டாரின் வோல்ட்டைத் தகட்டில் பாருங்கள். 110 வோல்ட் மோட்டாராக இருந்தால் இங்கே நேரடியாகப் போட முடியாது. 230-க்கு இணைக்கக்கூடியதாக இருந்தாலும் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், புல்லியை மாற்ற வேண்டியிருக்கும்.

மின் இணைப்பை அலட்சியம் செய்கிறவர்கள்தான் ‘மோட்டார் எடுக்கவில்லை’ என்று புலம்புகிறார்கள். ஒன்றரை எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது 8 முதல் 9 ஆம்பியர் இழுக்கும், தொடங்கும் நொடியில் அதைப்போல் ஐந்து மடங்கு. 15 மீட்டர் தள்ளி இருக்கும் பிளக்கிலிருந்து 1 சதுர மி.மீ. எக்ஸ்டென்ஷன் வயரில் எடுத்தால், தொடங்கும்போது வயரிலேயே 24 வோல்ட் போய்விடும். சாயங்காலம் லைனில் 200 வோல்ட்தான் வருகிறது என்றால் மோட்டாருக்குக் கிடைப்பது 176. தொடக்க முறுக்குவிசை வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக 230-இல் கிடைப்பதில் அறுபது சதவீதம்கூட இல்லை. மோட்டார் முனகிக்கொண்டே சூடாகும், கெப்பாசிட்டர் போகும். 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், 16 ஆம்பியர் பிளக், ஒழுங்கான எர்த், தொடக்க மின்னோட்டத்தைத் தாங்கும் சி வகை எம்சிபி. இவற்றோடு என்.வி.ஆர். சுவிட்ச் அவசியம். கரண்ட் போனால் அது தானாக விழுந்துவிடும், திரும்ப வந்தால் நீங்கள் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். சாதாரண சுவிட்ச் மாட்டிய மெஷினில் கரண்ட் போய், நீங்கள் பிளேடில் சிக்கிய கட்டையை எடுக்கும்போது கரண்ட் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். உள்ளூர் மெஷினில் இது இருக்காது. தனியாக வாங்கி மாட்டுங்கள்.

பழைய மெஷின் வாங்குவதாக இருந்தால் பெயின்ட்டைப் பார்க்க வேண்டாம். மேல் வீலின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது, அல்லது தண்டு தேய்ந்திருக்கிறது. பேரிங் மலிவு, தண்டும் அதன் கூடும் அப்படியல்ல. மேல் வீலைத் தாங்கி ஏறி இறங்கும் பிராக்கெட்டைப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வார்ப்பிரும்பு 14 அங்குல மெஷின்களில் வருடக்கணக்கில் இறுக்கிய நிலையிலேயே விட்டு அது வளைந்திருக்கும். அப்படியானால் எவ்வளவு திருகினாலும் பிளேடு வீலின் நடுவில் நிற்காது. டென்ஷன் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அது செத்த ஸ்பிரிங், மாற்றிவிடலாம். மேசைக்கு அடியில், சாய்க்கும் அமைப்பு போல்ட் ஆகும் இடத்தில் விரிசல் இருந்தால் வாங்காதீர்கள். வீல் டயர் வெடித்திருப்பதும், பிளேடை இருபுறமும் அசையாமல் பிடிக்கும் கைடுகள் தேய்ந்திருப்பதும் விலையைக் குறைத்துக் கேட்கும் காரணங்கள்தான்.

பிளேடுக்கென்று பட்ஜெட்டில் எட்டில் ஒரு பங்காவது ஒதுக்குங்கள். மெஷினோடு வரும் பிளேடை வைத்து மெஷினை எடைபோடக் கூடாது. பெரும்பாலும் அது ஓட்டிக் காட்டத்தான் ஆகும்.

உங்களுக்கு மூன்று போதும். பிளக்க அரை அங்குலம், அங்குலத்துக்கு 3 பல், கொக்கிப் பல் வகை. பொது வேலைக்கு முக்கால் இஞ்ச் பிளேடு யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; அது 0.8 மி.மீ. கனத்தில் வரும், 14 அங்குல வீலுக்கு அதிகம். பொது வேலைக்கு 3/8 அங்குலம், 4 முதல் 6 பல். நாற்காலிக் கால் வளைவுக்குக் கால் அங்குலம், 6 பல். பிளேடின் அகலம்தான் எவ்வளவு சிறிய வளைவைத் திரும்ப முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது: கால் அங்குல பிளேடு 16 மி.மீ. ஆரம் வரை திரும்பும், 3/8 பிளேடு 37, அரை அங்குலம் 64. அதற்குக் கீழே கட்டாயப்படுத்தினால் பிளேடு முறுகி, கைடில் உராய்ந்து, பல் சாய்வு போய்விடும்.

பல் எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு: எப்போதும் மரத்துக்குள் குறைந்தது 3 பல் இருக்க வேண்டும், 6 முதல் 12 இருந்தால் நல்லது. 150 மி.மீ. பிளக்கும்போது 3 பல் பிளேடிலேயே 18 பல் உள்ளே இருக்கும். அதற்குப் பதில் ‘ஃபினிஷிங் நன்றாக வரும்’ என்று 10 பல் பிளேடு போட்டால் பல்குழிகள் தூளால் நிரம்பிவிடும். தூள் வெளியேற வழியில்லாமல் பிளேடு சூடாகி, பக்கவாட்டில் வயிறு தள்ளி அறுக்கும். பலகை நடுவில் மேடு, குழி என்று வருவதற்கு இதுவே தலையாய காரணம்.

தேக்கில் சிலிக்கா இருக்கிறது. கார்பன் ஸ்டீல் பிளேடின் முனை அதில் சீக்கிரம் மழுங்கும். அதனால் பிளக்கும் பிளேடு மட்டுமாவது பைமெட்டலாக இருக்கட்டும். மரவாடிகளில் 4 அங்குல அகலப் பட்டைகளைத்தான் ஒட்டுவார்கள், சன்ன பிளேடு கேட்டால் கிடைக்காது. இரும்பு அறுக்கும் பேண்ட் சா பிளேடு விற்கிற கடைக்குப் போங்கள். கோவை, அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டை ஊர்களில் சுருளிலிருந்து நீளம் வெட்டி வெல்டு செய்து தருவார்கள். 13க்கு 0.65 அளவில் 3 அல்லது 4 பல் கேளுங்கள். அங்கே அதிகம் புழங்கும் 27க்கு 0.9 உங்களுக்கு ஆகாது. நீளம் தெரியாவிட்டால் டென்ஷன் ஸ்க்ரூவை அதன் ஓட்டத்தின் நடுவில் வைத்து இரு வீல் மையங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து இரட்டிப்பாக்கி, வீல் விட்டத்தை 3.14-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். மையத் தூரம் 630, விட்டம் 355 என்றால் 1260 + 1115 = 2375 மி.மீ. வெல்டு செய்த இடத்தை வாங்கும்போதே முதுகுப்பக்கம் நகத்தால் தடவிப் பாருங்கள். படிபோலத் தடுக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் டக், டக் என்று கைடில் தட்டும்.

மெஷின் வந்துவிட்டது. மேசை மேல் பூசியிருக்கும் துருத்தடுப்பு மசகை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, உலர்ந்ததும் பேஸ்ட் மெழுகு தேயுங்கள். சிலிக்கான் ஸ்பிரே வேண்டாம், அது மரத்தில் ஏறினால் பிறகு பாலிஷ் பிடிக்காது. மேல்பாரம் அதிகமுள்ள மெஷின் இது, தள்ளுவண்டிச் சக்கரம் போடுவதாக இருந்தால் அடிப்பலகை அகலமாக இருக்கட்டும். உங்கள் அறையில் 12 அடி நீளவாக்கில், பிளேடு நடுவில் வரும்படி வையுங்கள். முன்னால் 5 அடி, பின்னால் 5 அடி கிடைக்கும். அதைவிட நீளமான சட்டத்தை வாசல் வழியாக நீட்டிக்கொள்ளலாம்.

செட் செய்வதில் வரிசை முக்கியம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். மேல், கீழ் கைடுகள், பின்னால் பிளேடின் முதுகைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்குகள் எல்லாவற்றையும் பிளேடு தொடாத அளவுக்கு விலக்கி வையுங்கள். இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் வீண், ஏனென்றால் கைடு பிளேடைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது வீல் என்ன சொல்கிறது என்று தெரியாது. மேசைப் பிளவின் முனையில் இருக்கும் ஆணியைக் கழற்றி பிளேடை உள்ளே விடுங்கள். பற்கள் உங்களைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். எப்படித் திருப்பினாலும் மேல்நோக்கியே இருந்தால் பிளேடு உள்வெளியாக மடிந்திருக்கிறது; கையுறை போட்டுக்கொண்டு முறுக்கிப் புரட்டுங்கள். அறுக்கும்போது கையுறை கூடாது, பிளேடு மாட்டும்போது மட்டும் வேண்டும். அந்த மேசை ஆணியைத் திரும்பப் போட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் பிளவின் இரு பக்கமும் நாளடைவில் ஏற்ற இறக்கமாகிவிடும்.

பாதி இறுக்கிவிட்டு மேல் வீலைக் கையால் சுற்றுங்கள். வீல் விளிம்பு நடுவில் சற்று மேடாக இருந்தால் பிளேடின் பல்குழி அந்த மேட்டின் உச்சியில் ஓட வேண்டும். தட்டையான அகல வீல் என்றால் பல் மட்டும் முன் விளிம்புக்குச் சற்று வெளியே நிற்கும்படி வைப்பார்கள். உங்கள் மெஷின் கையேட்டில் எது என்று இருக்கும். மேல் வீலைச் சாய்த்துப் பிளேடு ஓடும் இடத்தை மாற்றும் டிராக்கிங் நாபை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், ஒவ்வொரு திருப்பலுக்கும் வீலைப் பத்துச் சுற்றாவது சுற்றிப் பிளேடு எங்கே நிலைக்கிறது என்று பாருங்கள். பிறகு முழுதாக இறுக்கி மறுபடி டிராக்கிங் பாருங்கள், இறுக்கினால் அது நகரும். மேல், கீழ் வீல்கள் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று நீளமான நேர்ச்சட்டம் வைத்துப் பார்ப்பதும் இழுவை கொடுத்த பிறகுதான், ஓரிரு மி.மீ. வித்தியாசத்துக்காக வாஷர் போட்டுப் போராட வேண்டாம். பிளேடு நிலையாக ஓடினால் விட்டுவிடுங்கள்.

இழுவை எவ்வளவு என்பதில்தான் குழப்பம் அதிகம். மெஷினில் இருக்கும் அளவுகோல் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியது என்பதைக் காட்டுகிறதே தவிர பிளேடின் இழுவையை அல்ல. விரலால் தள்ளிப் பார்ப்பது வழக்கமான முறை: மேல் கைடை மேசையிலிருந்து 150 மி.மீ. உயர்த்தி, நடுவில் மிதமாகத் தள்ளினால் 6 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. விரலுக்கு விரல் பலம் மாறும். உங்களிடம் டிஜிட்டல் வெர்னியர் இருந்தால் அளந்தே பார்க்கலாம். பிளேடு தொய்வு மட்டும் போன நிலையில், வெர்னியரின் இரண்டு தாடைகளையும் 150 மி.மீ. இடைவெளியில் சிறு கிளிப் கொண்டு பிளேடோடு பிடியுங்கள். நகரும் தாடையின் பூட்டுத் திருகு தளர்ந்திருக்க வேண்டும். பூஜ்யம் ஆக்கிவிட்டு இறுக்குங்கள். எஃகு நீள்வதை அது காட்டும்: 0.01 மி.மீ. என்றால் சுமார் 14 மெகாபாஸ்கல். கார்பன் ஸ்டீல் பிளேடுக்கு 0.08 வந்ததும் நிறுத்துங்கள். பைமெட்டலுக்கு 0.12, மெஷின் இடம் கொடுத்தால். ஸ்பிரிங் சுருள்கள் ஒட்டத் தொடங்கினால் அதுதான் அந்த மெஷினின் எல்லை, மேலே போக வேண்டாம். ஒருமுறை அளந்துவிட்டால், அந்த நிலையில் மெஷினின் அளவுகோல் எங்கே நிற்கிறது என்று பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அதே பிளேடுக்கு அந்தக் கோடு போதும்.

இப்போது மேசை. மூலைமட்டத்தைப் பிளேடின் பக்கவாட்டில், பல்லைத் தொடாமல் வைத்து 90 பாகை பாருங்கள். பல் வெளியே சாய்ந்திருப்பதால் பல்லில் வைத்தால் தவறு காட்டும். பிறகு சோதனை: 75 மி.மீ. கட்டை ஒன்றில் கால் அங்குல ஆழம் அறுத்து நிறுத்துங்கள். மெஷினை அணைத்து, கட்டையைத் தலைகீழாகப் புரட்டி, அந்த வெட்டைப் பிளேடின் முதுகுக்குக் கொண்டுபோங்கள். பிளேடு வெட்டுக்குள் தடையில்லாமல் புகுந்தால் மேசை சரி. மேலேயோ கீழேயோ இடித்தால் வித்தியாசம் இரட்டிப்பாகக் கண்ணுக்குத் தெரியும். அதைத் திருத்தி, மேசைக்கு அடியில் உள்ள நிறுத்துத் திருகை இறுக்கிவிடுங்கள்.

கைடுகள் கடைசி. முதலில் மேல் கைடைத் தாங்கும் கைடு போஸ்டை மேலும் கீழும் ஓட்டி, பிளேடுக்கு இணையாகப் போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால், அறுக்கும் உயரம் மாறும் ஒவ்வொரு தடவையும் கைடைத் திரும்பச் செட் செய்ய வேண்டியிருக்கும். போஸ்டின் அடைப்புத் திருகுகளில் அதைத் திருத்த முடியும். பக்கக் கைடுகளின் முன் விளிம்பு பல்குழிக்கு அரை முதல் ஒரு மி.மீ. பின்னால் நிற்கட்டும். இடைவெளி ஒரு ரூபாய் நோட்டின் கனம், அதாவது 0.1 மி.மீ. போல, இருபுறமும் நோட்டை மடிக்காமல் வைத்து, கைடை மெல்ல ஒட்டவைத்து, பூட்டி, நோட்டை உருவுங்கள். த்ரஸ்ட் பேரிங் பிளேடின் முதுகிலிருந்து 0.4 மி.மீ. தள்ளி. மரம் தள்ளும்போது மட்டும் அது சுற்ற வேண்டும். சும்மா ஓடும்போதே சுற்றிக்கொண்டிருந்தால் பிளேடின் முதுகு தேய்ந்து கடினமாகி, முதுகிலிருந்து விரிசல் விடும். கீழ்க் கைடுக்கும் இதே அளவுகள்தான். குனிந்து பார்க்கச் சிரமம் என்று அதை விட்டுவிடுகிறவர்கள் மேல் கைடில் எவ்வளவு நுணுக்கம் பார்த்தும் பயனில்லை. கால் அங்குலத்தைவிடச் சன்ன பிளேடு போட்டால் இரும்புக் கைடை எடுத்துவிட்டு, அதே அளவில் கருவேல மரத்துண்டு சீவி வையுங்கள். பல் உரசினாலும் கெடாது.

கதவுகளை மூடி ஓட விடுங்கள். ஒரு நிமிடம் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று கேளுங்கள்.

அடுத்து ஃபென்ஸ், அதாவது மரத்தை ஒட்டித் தள்ள மேசை மேல் நிற்கும் நேர்ச்சட்டம். பேண்ட் சாவில் மரத்தை ஃபென்ஸை ஒட்டித் தள்ளினாலும் வெட்டு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போவதுண்டு. கோடு போட்ட ஒரு கட்டையைக் கையாலேயே கோட்டைப் பிடித்து 300 மி.மீ. அறுத்து, பாதியில் மெஷினை அணைத்து, கட்டை மேசையில் எந்தச் சாய்வில் நிற்கிறதோ அந்தச் சாய்வுக்கு ஃபென்ஸைத் திருப்புங்கள் என்பது பழைய ஆலோசனை. அது வேலை செய்யும், ஆனால் அடுத்த பிளேடு மாட்டியதும் சாய்வு மாறும். வீலின் மேட்டில் பிளேடு முன்னே பின்னே இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பிளேடு பார்க்கும் திசையே சற்று மாறுகிறது. ஆகவே பல்குழி எப்போதும் உச்சியில் ஓடும்படி முதலில் பழகிக்கொள்ளுங்கள். பிறகு, நல்ல புது பிளேடு ஒன்றில் சோதித்து, மேசையின் போல்ட்டுகளைத் தளர்த்தி மேசையையே அந்தத் திசைக்குத் திருப்பிவிட்டு, ஃபென்ஸை மேசைப் பள்ளத்துக்கு இணையாக வையுங்கள். அதற்குப் பிறகும் ஒரு பிளேடு இழுத்தால் தவறு பிளேடில்: ஒரு பக்கப் பற்கள் ஆணியிலோ கைடிலோ பட்டு மழுங்கியிருக்கும். அந்த பிளேடை வளைவு வேலைக்கு ஒதுக்குங்கள், ஃபென்ஸைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டாம்.

பழைய கதவு, நிலையில் ஆணிதான் பெரிய எதிரி. தலை உடைந்து உள்ளே போன ஆணி வெளியே கருநீலக் கறையாகத் தெரியும். தேக்கின் டானினும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கறை அது. வலுவான காந்தத்தை நூலில் கட்டி ஒவ்வொரு பக்கமும் ஓட்டுங்கள். பித்தளைத் திருகைக் காந்தம் காட்டாது, கீல், தாழ்ப்பாள் இருந்த இடங்களை அதனால் தனியாகப் பாருங்கள், கையடக்க மெட்டல் டிடெக்டர் இருந்தால் நல்லது. பழைய பெயின்ட்டையும் சுண்ணாம்பையும் சுரண்டிவிட்டே மெஷினுக்குக் கொண்டுபோங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும்; முகமூடி போட்டு, நனைத்துச் சுரண்டி, தூளை அள்ளி அப்புறப்படுத்துங்கள்.

பிளக்கும் முன் பலகையின் ஒரு முகத்தையும் ஒரு விளிம்பையும் இழைத்து நேராக்குங்கள். அந்த முகம் ஃபென்ஸில், விளிம்பு மேசையில். ஃபென்ஸ் குள்ளமாக இருந்தால் பலகை உயரத்தில் முக்கால் பங்காவது வரும்படி பிளைவுட்டில் ஒரு செங்குத்துத் துணை ஃபென்ஸ் செய்து போல்ட் போடுங்கள், மேசைக்கு 90 பாகை இருக்க வேண்டும். மேல் கைடு மரத்துக்கு 6 மி.மீ. மேலே நிற்கட்டும். ஒன்றரை எச்.பி.யில் 150 மி.மீ. தேக்கு ஒரு மீட்டர் நீளம் பிளக்க இரண்டு, மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சத்தம் இறங்கினால் தள்ளுவதைத் தளர்த்துங்கள். புது பைமெட்டல் பிளேடுக்கு முதல் சில வெட்டுகளில் பாதி அழுத்தம்தான்; கூரான முனைகள் சில்லுபோய்விடாமல் பதம் ஆகும். கடைசி 100 மி.மீ.க்குக் கை வேண்டாம், தள்ளுகட்டை வையுங்கள், அல்லது மறுபக்கம் போய் இழுத்துக்கொள்ளுங்கள்.

38 மி.மீ. பலகையைப் பிளந்தால் வெட்டில் போவது 1.2 மி.மீ. மட்டும், இரு பலகையும் இழைத்து முடித்து 16 மி.மீ. தேறும். வட்ட ரம்பத்தில் 3 மி.மீ. வெட்டிலேயே போயிருக்கும். பிளந்த உடனே இழைக்காதீர்கள். எவ்வளவு பழைய தேக்காக இருந்தாலும் உள்ளே இருந்த இறுக்கம் விடுபட்டுப் பலகை சற்று வளையும். ரீப்பர் துண்டுகள் இடையில் வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி ஒரு வாரம் விட்டு, பிறகு இழையுங்கள்.

கோளாறு வந்தால் பிளேடு உடைந்த இடத்தைப் பாருங்கள், அதுவே காரணத்தைச் சொல்லும். வெல்டில் ஒடிந்தால் வெல்டு பதம் தவறியது, கடைக்குத் திருப்பலாம். பல்குழியில் தொடங்கிய விரிசல் என்றால் அதிக அழுத்தம் கொடுத்துத் தள்ளியிருக்கிறீர்கள், அல்லது பிளேடு கனம் வீலுக்கு அதிகம். முதுகில் தொடங்கினால் த்ரஸ்ட் பேரிங். சீராக டிக், டிக் என்று புதிதாகச் சத்தம் கேட்டால் அது விரிசலாக இருக்கலாம், உடனே அணைத்துப் பிளேடு முழுவதையும் பாருங்கள். வெட்டு முகத்தில் சீரான அலை விழுந்தால் பிளேடு ஒத்ததிர்கிறது. தள்ளும் வேகத்தையோ இழுவையையோ சற்று மாற்றினால் போய்விடும். மெஷின் முழுதும் அதிர்ந்தால் முதலில் பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். அதிர்வு நின்றால் பெல்ட்டோ வீலோ. பெட்டியில் மாதக்கணக்கில் மடிந்து கிடந்த வி-பெல்ட் அந்த மடிப்போடேயே ஓடி ஆட்டும். அடுத்தபடி டயரில் ஒட்டிய பிசின் கலந்த தூள்; கீழ் வீலைத் தொடும்படி ஒரு நார் பிரஷ் (கம்பி பிரஷ் அல்ல) மாட்டினால் அது சேராது. பிளேடைக் கழற்றி வைத்து, அதில் ஏறிய பிசினை மண்ணெண்ணெயில் துடையுங்கள், டயர் ரப்பரில் மட்டும் மண்ணெண்ணெய் படக் கூடாது, ஊறிவிடும்.

தூள் வெளியேற 100 மி.மீ. குழாய் கொண்ட டஸ்ட் கலெக்டர் கீழ் வீல் பெட்டியில் இணைத்தால் நல்லது. இல்லாவிட்டாலும் என்95 முகமூடி கட்டாயம், தேக்குத் தூள் பலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் தொந்தரவும் தரும்.

இந்த மெஷின் கட்டையை உங்கள் மேல் எறிவது அபூர்வம், வெட்டும் விசை கீழ்நோக்கி மேசைக்குப் போகிறது. இந்த நல்ல குணத்தாலேயே கவனம் தளர்ந்துவிடும். உருண்டைக் கட்டையைக் குறுக்கே அறுக்கவே கூடாது, V வடிவத் தாங்கி இல்லாமல். பிளேடு பிடித்த நொடியில் கட்டை உருண்டு விரலை உள்ளே இழுக்கும். அறுத்த வெட்டிலிருந்து பின்னால் வர வேண்டுமானால் அணைத்து, பிளேடு நின்ற பிறகு. தொங்கும் துண்டு, தளர்ந்த லுங்கி நுனி, வளையல், மோதிரம் எதுவும் மெஷின் பக்கம் வேண்டாம்.

இரண்டு மூன்று நாளைக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் டென்ஷனைத் தளர்த்திவிடுங்கள். ஸ்பிரிங்கும் பிராக்கெட்டும் நெடுநாள் உழைக்கும், டயரில் பள்ளம் விழாது. தளர்த்திய சுற்று எண்ணிக்கையை ஓர் அட்டையில் எழுதி அதைச் சுவிட்ச் மேலேயே மாட்டுங்கள். தளர்ந்த பிளேடோடு யாராவது பொத்தானை அழுத்தினால் அது வீலை விட்டு இறங்கிப் பல் எல்லாம் உள்பெட்டியில் உரசிப் போகும்.